மிளகு, கோதுமை, செப்புக்காசு: உரோம வணிகமும் நமது ஆழமில்லாக் கடலும்

(நெடுந்தீவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டை உரோம உலகின் நெடுந்தொலைவு வணிகம் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். வழக்கமாக இந்தக் கதையை உரோமாபுரியிலிருந்தோ அலெக்சாந்திரியாவிலிருந்தோ தொடங்குவார்கள். இந்த அவையில் இருப்பவர்களில் பலர் குறிகட்டுவானுக்கும் மாவிலித்துறைக்கும் இடையே வாழ்நாளெல்லாம் போய்வருகிறவர்கள். ஆகவே நான் இந்தக் கடலிலிருந்தே தொடங்குகிறேன்.

மூத்த பிளினி என்ற உரோம அறிஞர் கி.பி. 77 அளவில் தமது 'இயற்கை வரலாறு' என்ற 37 புத்தகங்கள் கொண்ட பெருநூலை முடித்தார். அதன் ஆறாம் புத்தகத்தில் தப்ரபேன் தீவைப் பற்றி, அதாவது நம் இலங்கையைப் பற்றி, ஒரு நீண்ட பகுதி உண்டு. தமக்கு முந்தியவர்கள் எழுதி வைத்ததைத் தொகுத்து, தீவுக்கும் இந்தியாவுக்கும் நடுவிலுள்ள கடலை அவர் விவரிக்கிறார். கடல் ஆழமற்றது, உரோம அளவில் ஆறு பாசுவுக்கு மேல் போகாது, ஆனால் இடையிடையே நங்கூரம் தரையைத் தொடாத அளவுக்கு ஆழமான வாய்க்கால்கள் உண்டு என்கிறார். ஆறு பாசு என்பது ஏறத்தாழ 9 மீற்றர். நம் கடற்றொழிலாளர் கணக்கில் ஐந்து பாகம். பாக்கு நீரிணையில் வலை விடுகிற எவருக்கும் இந்த எண் வியப்பைத் தராது.

அடுத்து அவர் சொல்லும் செய்திகள்தான் என்னைப் பல காலமாகப் பிடித்து வைத்திருக்கின்றன. இந்தக் கடலில் ஓடும் கலங்களுக்கு இரு முனையிலும் அணியம் உண்டாம். ஒடுங்கிய வாய்க்காலுக்குள் கலத்தைத் திருப்ப இடமில்லை என்பதால், திருப்பாமலே வந்த வழியில் மீளும்படி கட்டினார்களாம். ஒரு கலத்தின் கொள்ளளவு 3,000 அம்போரா வரை. அம்போரா என்பது சுமார் 26 லீற்றர் பிடிக்கும் மண்சாடி. அதையே உரோமர் கப்பலின் அளவாகவும் கொண்டார்கள். கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 78 தொன் வருகிறது. மாலுமிகள் விண்மீனைப் பார்த்து வழி பிடிப்பதில்லை. பறவைகளைக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டு, அவை கரை நாடும் திசையில் கலத்தைச் செலுத்துவார்கள். ஆண்டில் நான்கு மாதம் மட்டுமே ஓட்டுவார்கள்.

இரு முனையும் ஒத்திருக்கும் கலம் கற்பனையல்ல. இலங்கையின் தென்மேற்குக் கரையில் பக்க மிதவை பூட்டிய பாய்வள்ளங்கள் அண்மைக்காலம் வரை அப்படித்தான் ஓடின. மிதவை எப்போதும் காற்றுப் பக்கமாக இருக்க வேண்டும். ஆகவே வள்ளத்தைத் திருப்பாமல் பாயை மாற்றி, பின்முனையை முன்முனையாக்கி ஓட்டுவார்கள். நான்கு மாதக் கணக்கும் நம் காற்றின் கணக்கோடு ஒத்துப்போகிறது. சோளகம் வலுத்து வீசும் மாதங்களிலும் வாடை கொந்தளிக்கும் மாதங்களிலும் இந்தக் கடலில் பாய் விரித்துத் தொழில் செய்வது எவ்வளவு கடினம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் செய்தியைக் கொடுத்தவர் யாராக இருந்தாலும், அவர் இந்தக் கடலை அறிந்தவரிடம் கேட்டிருக்கிறார்.

இந்தச் சிறு கலங்களுக்குரிய இடத்தை வணிக வரலாறு இன்னும் சரியாகக் கொடுக்கவில்லை என்பதே என் முறைப்பாடு. உரோமப் பெருங்கப்பல்கள் வந்து நின்ற துறைகளைப் பற்றி நூல் நூலாக எழுதியிருக்கிறார்கள். அந்தத் துறைகளுக்குச் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியவர்கள்கூடக் குறைவு. அந்தக் கலங்களைத் தேட வேண்டுமானால் முத்தையும் பொன்னையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, சாப்பாட்டையும் சட்டிபானையையும் சில்லறைக் காசையும் பார்க்க வேண்டும்.

முதலில் அங்கே என்ன தேவைப்பட்டது என்று பார்ப்போம்.

பிரித்தானியாவின் வடக்கே, உரோமப் பேரரசின் எல்லையில், விந்தோலாண்டா என்று ஒரு படைக்கோட்டை இருந்தது. அங்கே ஈரமண்ணில் புதைந்து அழியாமல் கிடந்த மெல்லிய மரப்பலகைகளில் மையால் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் கிடைத்தன. கி.பி. 100ஐ ஒட்டிய காலத்தவை. அவற்றில் ஒன்று யார் யார் என்ன வாங்கினார்கள் என்ற கணக்கு. தப்போ என்பவரின் மகன் கம்பாக்ஸ் இரண்டு தினாரிக்கு, அதாவது இரண்டு உரோம வெள்ளிக்காசுக்கு, மிளகு வாங்கியிருக்கிறார். அவர் செனற்றரும் அல்ல, அரசரின் உறவினரும் அல்ல. குளிரிலும் மழையிலும் எல்லைக் காவல் நின்ற சாதாரணப் படைவீரர். அவருடைய கஞ்சியில் விழுந்த மிளகு கேரளத்து மலைச்சரிவில் காய்த்தது.

விலையையும் பிளினி தருகிறார். ஓர் உரோம இறாத்தல், அதாவது ஏறத்தாழ 327 கிராம், கருமிளகு 4 தினாரி, வெண்மிளகு 7, திப்பிலி 15. அகஸ்தஸ் காலத்துப் படைவீரருக்கு ஆண்டுச் சம்பளம் 225 தினாரி. அதை நாட்கூலியாக்கிப் பார்த்தால் ஓர் இறாத்தல் கருமிளகு ஆறேழு நாள் சம்பளம். மலிவில்லை. ஆனாலும் இறாத்தல் கணக்கில் யார் மிளகு தின்றார்கள்? ஒரு கைப்பிடி வாங்கினால் ஒரு வீட்டுக்குப் பல வாரம் காணும். முத்துமாலையும் பட்டும் ஆயிரத்தில் ஒருவருக்கு, மிளகு அப்படியல்ல. அப்பிசியஸ் என்ற பெயரில் வழங்கும் உரோமச் சமையல் நூலில் பெரும்பாலான பதார்த்தங்களுக்கு மிளகு வேண்டும். ஜேர்மனியின் ஓபராடன் என்ற இடத்தில் கி.மு. 11 முதல் 8 வரை மட்டுமே இருந்த ஒரு படைமுகாமின் குழிகளிலும் மிளகு கிடைத்திருக்கிறது. கி.பி. 92இல் தொமித்தியன் பேரரசர் உரோமாபுரியின் நடுவே மிளகுக்கென்றே ஒரு பண்டசாலை கட்டினார். கி.பி. 408இல் கோத் இனத் தலைவர் அலாரிக் உரோமாபுரியை முற்றுகையிட்டபோது கேட்டுப் பெற்ற மீட்புப் பொருளில் பொன்னோடும் வெள்ளியோடும் 3,000 இறாத்தல் மிளகும் இருந்தது.

பிளினிக்கு இது பிடிக்கவில்லை. பழமும் இல்லை, இனிப்பும் இல்லை, உறைப்புக்காக மட்டும் இதைத் தேடி இந்தியா வரை போகிறார்களே என்று வருந்துகிறார். ஆண்டுதோறும் இந்தியா 5 கோடி செஸ்ரெர்ஸ் பணத்தை உறிஞ்சுகிறது என்ற அவருடைய புகழ்பெற்ற முறைப்பாடு நம் பாடநூல்களிலெல்லாம் இருக்கிறது. அவரைவிட நல்ல சாட்சி வியன்னாவில் இருக்கும் ஒரு பப்பிரஸ் ஏடு. 1985இல் அதை வெளியிட்டார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேரளக் கரையின் முசிறித் துறையிலிருந்து எகிப்துக்கு வந்த 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலின் சரக்குப் பற்றிய ஆவணம் அது. ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்தத்தின் பகுதி. மறு பக்கத்தில் சரக்கின் மதிப்பு. கால் பங்கு சுங்கம் கழித்த பிறகு 1,154 தலந்தும் 2,852 திரக்மாவும். கிட்டத்தட்ட 69 இலட்சம் திரக்மா. இவ்வளவும் ஒரே ஒரு கப்பலில்! இப்படி மியோஸ் ஹோர்மோஸ் என்ற ஒரு துறையிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 120 கப்பல் வரை இந்தியாவுக்குப் புறப்பட்டதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார்.

அந்தச் சரக்கு போன வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யூலை மாதத்தில் எகிப்தின் செங்கடல் துறையிலிருந்து புறப்படுவார்கள். செங்கடலின் வாயில் உள்ள ஒகேலிசிலிருந்து சோளகத்தைப் பிடித்தால் 40 நாளில் முசிறி. மார்கழி தை மாதங்களில் வாடையோடு திரும்புவார்கள். பெரெனிகே துறையில் இறக்கி, 12 நாள் ஒட்டகப் பயணமாகப் பாலைவனத்தைக் கடந்து கொப்தோஸ். அங்கிருந்து நைல் ஆற்று வழியே அலெக்சாந்திரியா. மிளகின் விலையில் சுங்கமும் ஒட்டகக் கூலியும் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். ஒரு மூடை அரிசிக்கும் ஓர் எரிவாயுச் சிலிண்டருக்கும் கடல் கடந்ததும் விலை எப்படி ஏறும் என்பதை நெடுந்தீவார் நன்றாக அறிவார்கள்.

இப்போது நம் பக்கம் வருவோம். இந்தப் பெருங்கப்பல்கள் முதல் நூற்றாண்டில் இலங்கைக்கு நேராக வந்தனவா? ஸ்ட்ராபோ சொல்வது தெளிவானது: தப்ரபேனிலிருந்து யானைத்தந்தமும் ஆமையோடும் பிற சரக்கும் இந்தியச் சந்தைகளுக்குப் பெருமளவில் போகின்றன. அதாவது உரோம வணிகர் நம் சரக்கை இந்தியத் துறையில் வாங்கினார்கள். அதே நூற்றாண்டில் எகிப்திலிருந்த ஒரு கிரேக்க வணிகர் செங்கடல் முதல் கங்கை வரையான துறைகளுக்கு எழுதிய வழிநூல் ஒன்று உண்டு. 'பெரிபிளஸ்' என்று சொல்வார்கள். அது சோழக் கரைத் துறைகளைக் குறிப்பிடும்போது, கரையோரமாகவே மேற்குக் கரை வரை ஓடும் உள்ளூர்க் கலங்களையும், 'சங்கரா' என்ற, மரங்களைப் பிணைத்துக் கட்டிய பெருங்கலங்களையும் தனியாகச் சொல்கிறது. இவை உரோமரின் கப்பல்கள் அல்ல. பாக்கு நீரிணையையும் மன்னார்க் கடலையும் கடந்து சரக்கை மாற்றியவை இவைதான்.

ஆமையோடு என்றதும் சிலர் அதை அலங்காரப் பொருள் என்று விட்டுவிடுவார்கள். அது நம் கடலின் அழுங்காமை. கர்விலியஸ் பொல்லியோ என்பவர் அந்த ஓட்டை மெல்லிய தகடாக அறுத்துக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் ஒட்டும் முறையைத் தொடக்கியதாகப் பிளினி எழுதுகிறார். இன்று அழுங்காமையைப் பிடிப்பது சட்டப்படி குற்றம், அது நல்லது. ஆனால் அந்த ஓடு உரோம வீட்டுத் தளபாடமானது என்பதையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். முத்துச் சலாபத்தைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். நான் அதை விட்டுவிட்டுப் போகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். உரோமர் இலங்கையின் கறுவாவை வாங்கினார்கள் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். பண்டைய கிரேக்க, உரோம ஆசிரியர் எவரும் தப்ரபேனின் விளைபொருளில் கறுவாவைச் சேர்க்கவில்லை. அவர்கள் கறுவாவை அரேபியாவுக்கும் ஆபிரிக்காவின் கிழக்குக் கரைக்கும் உரியதாகவே எழுதினார்கள். இரண்டாம் நூற்றாண்டில் தாலமி இலங்கையின் பொருள்களாகச் சொல்வது அரிசி, தேன், இஞ்சி, மணிக்கற்கள், உலோகங்கள், யானை. அரிசியும் இஞ்சியும் தேனும் முதலில் வருவதைப் பாருங்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவில் குவிந்த பொருள்களில் ஈழத்திலிருந்து வந்த உணவைச் சேர்க்கிறது. கிரேக்கப் புவியியலாளரும் தமிழ்ப் புலவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே செய்தியைச் சொல்கிறார்கள். இந்தத் தீவிலிருந்து சாப்பாட்டுச் சரக்கு கடல் கடந்தது.

அங்கிருந்து வந்தது என்ன? யவனர் கலம் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிப் போன காட்சி அகநானூற்றின் 149ஆம் பாட்டில் இருக்கிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்துவதைப் பாடுகிறார். இந்தியாவின் கிழக்குக் கரைத் துறையான அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்தபோதும், பின்னர் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்தபோதும் அந்த மதுவின் சாடிகள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. கிரேக்கத் தீவான கோசிலிருந்து வந்தவை, இத்தாலியின் கம்பானியாவிலிருந்து வந்தவை என்று இனம் பிரித்திருக்கிறார்கள். சில சாடிகளில் ஒலிவ எண்ணெயும், 'காரும்' என்ற மீன் குழம்பும் வந்திருக்கின்றன. மீனை உப்பிட்டு வெயிலில் ஊறவைத்து எடுக்கும் சாறு அது. கருவாட்டு மணத்தில் வளர்ந்த நமக்கு அந்த உரோமரின் நாக்கு அவ்வளவு அந்நியமில்லை.

பெரிபிளஸ் தரும் முசிறிப் பட்டியலில் ஒரு சிறு குறிப்பு உண்டு. நாணயம், செம்பு, ஈயம், பவளம், கண்ணாடிக் கட்டி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, கோதுமை என்கிறது. அதையும் கப்பலில் வேலை செய்கிறவர்களுக்குப் போதுமான அளவு மட்டும், ஏனென்றால் அங்குள்ள வணிகர் கோதுமை உண்பதில்லை என்கிறது. வணிக வரலாற்றில் இதைவிட மனிதத்தன்மையான வரி எனக்குத் தெரியாது. மாதக்கணக்கில் அந்நிய ஊரில் காற்றுக்குக் காத்திருக்கும் மாலுமிக்குத் தன் ஊர்ச் சாப்பாடு வேண்டும்.

இந்தக் குறிப்புக்கு மன்னாரில் ஒரு துணைச்சான்று கிடைத்திருக்கிறது. மாதோட்டம் என்று நாம் சொல்லும் மாந்தைத் துறையில், திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்தில், 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அகழ்ந்தார்கள். போரினால் வேலை நின்றது. 2009, 2010இல் மீண்டும் அகழ்ந்தபோது மண்ணை நீரில் கரைத்து, மிதந்த கரிந்த விதைகளைச் சேகரித்தார்கள். அந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. நெல் எங்கும் இருந்தது. அதுதான் ஊரின் சோறு. அதோடு கோதுமையும் கிடைத்தது, காலம் கி.பி. 100க்கும் 200க்கும் இடையில். மன்னாரின் வறண்ட நிலத்தில் கோதுமை விளைவதில்லை. பிற்கால அடுக்குகளில் மிளகும், திராட்சை விதையும், இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்த ஒரு கராம்பும் இருந்தன. ஒரு கரிந்த கோதுமை மணி விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுதான். யாரோ ஒருவர் மாதோட்டத்தில் அடுப்பேற்றியபோது தவறிச் சாம்பலில் விழுந்தது. கல்வெட்டு எதுவும் அவரைக் குறிப்பிடவில்லை. அந்த மணி குறிப்பிடுகிறது.

அடுத்து ஒரு தட்டைப் பற்றிப் பேச வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கந்தரோடையிலிருந்தும் மாதோட்டத்திலிருந்தும் அநுராதபுரத்திலிருந்தும் கிடைக்கும் பண்டைய மட்பாண்டங்களில் ஒரு வகைத் தட்டு உண்டு. அகலம் கிட்டத்தட்ட 25 முதல் 30 சென்ரிமீற்றர். விளிம்பு உட்பக்கம் வளைந்து, அலகுபோல் கூராக முடியும். மண் மிக நுண்மையாக அரித்தது. ஒரு மணற்பருக்கைகூட விரலில் உரசாது. மேலே கறுப்பு அல்லது சாம்பல் நிற மெருகு. உட்புற அடியில் இரண்டு மூன்று வட்டமாக, சிறுசிறு கொத்துக்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். சக்கரத்தில் சுழலும் ஈரத் தட்டில் துடிக்கும் தகட்டை வைத்தால் அப்படிக் கொத்து விழும். கையில் எடுத்துத் தட்டினால் கண்டாமணி ஓசை வரும்.

அரிக்கமேட்டில் இதைக் கண்ட வீலர், மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது என்றே கருதினார். அதனால் நீண்ட காலம் இந்தத் தட்டு கிடைத்த இடமெல்லாம் 'உரோமத் தொடர்பு' என்று எழுதினார்கள். கந்தரோடையில் 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழுவில் வந்து அகழ்ந்த விமலா பெக்லிதான் பின்னர் அந்தக் கருத்தை மாற்றினார். தட்டின் தொடக்கம் உரோம வணிகத்துக்கு முந்தியது என்று காட்டினார். மண்ணின் வேதியியல் ஆய்வுகள் அது இந்தியாவின் கிழக்குப் பகுதியில், கங்கைக் கழிமுகப் பக்கத்தில் செய்தது என்று சொல்கின்றன. அந்தத் தட்டு பாலித் தீவின் செம்பிரானிலும் கிடைத்தது. செங்கடலின் பெரெனிகேயிலும் கிடைத்தது.

சிலருக்கு இது ஏமாற்றம். உரோமத் தட்டு என்று பெருமைப்பட்டது வங்கக்கரைத் தட்டாகிவிட்டதே என்று நினைக்கிறார்கள். எனக்கு இது பெருமகிழ்ச்சி. உரோமர் வருவதற்கு முன்பே வங்கத்திலிருந்து கந்தரோடை வரை சாப்பாட்டுத் தட்டைக் கப்பலேற்றி விற்கும் வணிக வலை ஒன்று இங்கே இருந்தது. உரோமர் அந்த வலையில் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் அதைக் கட்டவில்லை. இதைப்போலவே, இலங்கையிலும் தமிழகத்திலும் 'உரோமச் சாடி' என்று எழுதிவைத்த துண்டுகளில் பல, உள்ளே கீல் பூசிய மெசொப்பொத்தேமியச் சாடிகள் என்று ரொபேர்ட்டா டொம்பர் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டியிருக்கிறார். உரோமருக்குப் பாரசீகக் குடாவிலிருந்து போட்டி இருந்தது. நம் துறைகளுக்கு அது நன்மைதான்.

காசுக்கு வருகிறேன். பிளினி சொல்லும் கதை ஒன்று உண்டு. அன்னியஸ் புளொக்காமஸ் என்பவர் செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்தவர். அவருடைய விடுதலை பெற்ற அடிமை ஒருவர் அரேபியக் கரையோரம் போகையில் காற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கையின் ஒரு துறையில் ஒதுங்கினார். அரசர் அவரை ஆறு மாதம் வைத்து உபசரித்தார். அவரிடமிருந்த தினாரிக் காசுகளில் தலை வேறு வேறாக இருந்தும் எடை ஒன்றாகவே இருந்ததைக் கண்டு உரோமரின் நேர்மையை மெச்சி, குளோடியஸ் பேரரசரிடம் நான்கு தூதரை அனுப்பினார்; தலைமைத் தூதரின் பெயர் ராக்கியாஸ். கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. எகிப்தின் பாலைவனத்தில், பெரெனிகேயிலிருந்து கொப்தோஸ் போகும் வழியில், வாடி மெனி என்ற இடத்துப் பாறை நிழலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பப்ளியஸ் அன்னியஸ் புளொக்காமசின் அடிமை லைசஸ் இங்கே வந்தேன் என்று கிரேக்கத்திலும் இலத்தீனிலும் கீறியிருக்கிறார். காலம் கி.பி. 6, யூலை மாதம். வழியில் இளைப்பாறிய ஓர் அடிமை தன் பெயரைக் கீறிவைத்ததால், பிளினி சொல்லும் அந்தக் குடும்பத்துக்கு அந்தக் கடலில் வியாபாரம் இருந்தது என்பது உறுதியாகிறது.

ஆனால் இலங்கையில் நிலத்தடியில் கிடைக்கும் உரோமக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை அந்த வெள்ளித் தினாரி அல்ல. முதல் நூற்றாண்டுப் பொன்னும் வெள்ளியும் தமிழகத்திலும் கேரளத்திலும் ஆந்திரத்திலும் புதையல் புதையலாகக் கிடைக்கின்றன, இலங்கையில் அரிது. ஸ்ட்ராபோ சொன்னதற்கு இது பொருந்துகிறது. இங்கே கிடைப்பவை நான்காம், ஐந்தாம் நூற்றாண்டின் சிறு செப்புக்காசுகள். சுண்டுவிரல் நகத்தின் அளவு, தேய்ந்து, பேரரசரின் முகம் ஒரு புடைப்பாக மட்டும் தெரியும். ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. போதாததற்கு, அவற்றைப் பார்த்து இங்கேயே வார்த்த போலிகளும் உண்டு. யாழ்ப்பாணத்தில் நீதிபதியாக இருந்த போல் பீரிஸ் 1917, 1919ஆம் ஆண்டுகளில் கந்தரோடையைப் பற்றி எழுதிய கட்டுரைகளிலேயே அங்கு கிடைத்த உரோமக் காசுகளைக் குறிப்பிட்டிருக்கிறார்.

இதன் பொருளைச் சிந்திக்க வேண்டும். பேரரசருக்குத் தூது அனுப்ப யாரும் செப்புக்காசைச் சேர்ப்பதில்லை. உப்பும் மீனும் எண்ணெயும் வாங்கச் சில்லறை வேண்டும். உள்ளூரில் சில்லறை போதாதபோது, கப்பலில் வந்த தேய்ந்த செப்பு சந்தையில் ஓடியது. அதுவும் போதாதபோது இங்கேயே வார்த்தார்கள். கந்தரோடைச் சந்தையில் ஒரு பெண் மீன் விற்று மடியில் முடிந்த காசில் கொன்ஸ்தந்தைன் குடும்பத்து அரசன் ஒருவனின் தேய்ந்த முகம் இருந்திருக்கக்கூடும். அவன் யாரென்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

வணிகம் ஒருவழிப் பாதையும் அல்ல. பெரெனிகேயில் கொற்றன் என்ற பெயர் தமிழ்ப் பிராமியில் எழுதிய மட்பாண்டத் துண்டு கிடைத்தது. செங்கடலின் குசைர் அல்கதிம் துறையில் கணன், சாதன் என்ற பெயர்கள். அதே குசைரில் கிடைத்த சேமிப்புச் சாடியின் துண்டில் இரு பக்கமும் எழுதியிருந்ததை ஐராவதம் மகாதேவன் 'பானை ஒறி' என்று படித்தார்; உறியில் தொங்கவிடும் பானை. பெரெனிகேயின் கோயில் முற்றத்தில், இந்தியாவில் வனைந்த பெரிய சாடி ஒன்றில் 7.5 கிலோ மிளகு அப்படியே இருந்தது. அதே ஊரில் அரிசியும் பயறும் தேங்காய்ச் சிரட்டையும் கிடைத்தன. கோதுமை மணி மாதோட்டத்துக்கு வந்ததுபோல, நம்மவருடைய சோறும் பயறும் செங்கடலுக்குப் போயின.

பிந்திய நூற்றாண்டுகளில் கப்பல்கள் இலங்கைக்கே நேராக வந்தன. ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்ற வணிகர், இத்தீவு கீழ்த்திசைக்கும் மேற்றிசைக்கும் நடுச்சந்தையாக இருந்ததை எழுதுகிறார். நம் தீவகத்தின் பங்கைக் கல்லிலேயே எழுதிவைத்திருப்பது அதற்கும் ஆறு நூற்றாண்டு பிந்தியது: நயினாதீவில் இருக்கும் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு. பேராசிரியர் இந்திரபாலா 1963இல் அதைப் படித்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பு உண்டு; யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒன்று பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு; பிற சரக்குக் கலம் உடைந்தால் சரிபாதி என்று அரசன் விதிக்கிறான். காலத்தால் உரோமருக்கு வெகுதூரம்தான். ஆனால் சட்டம் தமிழில் இருக்கிறது என்பதையும், கலம் உடைவது அரசன் விதி எழுதும் அளவுக்கு அடிக்கடி நடந்தது என்பதையும் கவனியுங்கள். பிளினி சொன்ன அதே மேடும் வாய்க்காலும் அதே ஆபத்தைப் பராக்கிரமபாகு காலத்திலும் கொடுத்தன. வழியறிந்த ஆளில்லாமல் இந்தக் கடலில் எந்த அந்நியனும் கலம் ஓட்டியிருக்க முடியாது. அந்த வழியறிந்தவர்கள் இந்தத் தீவுகளில் இருந்தார்கள்.

நெடுந்தீவின் மேற்கே, வெடியரசன் கோட்டை என்று நீங்கள் அழைக்கும் இடத்தில், பவளக்கல்லால் கட்டிய பௌத்தத் தூபிகளின் அடித்தளங்கள் இருக்கின்றன. அங்கே வழிபட்டவர்கள் உண்டார்கள், சமைத்தார்கள், விற்றார்கள், வாங்கினார்கள். பேராசிரியர் பொ. இரகுபதி யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆதிக் குடியிருப்புகளை ஊர் ஊராக நடந்து ஆராய்ந்து 1987இல் வெளியிட்ட நூல், தீவகங்களின் கரையோரங்களையும் சேர்த்துப் பார்த்தது. அந்த வேலையைத் தொடர நல்ல அகழ்வுகள் வேண்டும். அவற்றுக்கு முன், நிலத்தில் உள்ளது நிலத்திலேயே இருக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். கிணறு வெட்டும்போதோ, மலசலகூடக் குழி தோண்டும்போதோ, அத்திவாரம் போடும்போதோ கொத்துக்கோலம் போட்ட கறுப்புத் தட்டுத் துண்டு, தடித்த சாடிக் கழுத்து, பச்சை பிடித்த சிறு காசு எது வந்தாலும் எறியாதீர்கள். காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விடும். பழைய செம்பென்று விற்றுவிடாதீர்கள். எந்தக் காணியில், எத்தனை அடி ஆழத்தில், எந்த மண்ணில் வந்தது என்று அன்றைக்கே ஒரு கடதாசியில் எழுதி, பொருளோடு சேர்த்துப் பொதிந்து வையுங்கள். இடம் தெரியாத காசுக்குச் சந்தையில் விலை இருக்கலாம். வரலாற்றில் அதற்குப் பெறுமதி மிகக் குறைவு. பள்ளி ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் வழியாக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆசிரியர்களுக்கோ தொல்லியல் திணைக்களத்துக்கோ அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச்சட்டமும் கண்டெடுத்ததை அறிவிக்க வேண்டும் என்றே சொல்கிறது. இந்த அவையில் இருக்கும் மாணவர்களே, உங்கள் வீட்டுக் காணியில் குழி வெட்டும் நாளில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.